பூனை போன பிறகு வந்த உடும்பு: படுவான்கரைக் கோயிற்காடு ஒன்றில் காட்டுக்கோழிக் கூடுகள்

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை என்று சொல்லும் பகுதியில், வெல்லாவெளிப் பக்கமாக, வயல்வட்டைகளுக்கு நடுவே ஒரு காட்டுத் துண்டு நிற்கிறது. அறுபது ஏக்கர் வரும். வடக்கே ஒரு சிறு குளம். மற்ற மூன்று பக்கமும் நெல்வயல். வீரையும் பாலையும் உயர்ந்து நிற்க, அடியில் சூரையும் காரையும் நுழைய முடியாதபடி பின்னிக் கிடக்கும். உள்ளே ஒரு கண்ணகி அம்மன் கோயில். வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறப்பார்கள். சடங்கின் இறுதியான திருக்குளிர்த்தி முடிந்து கதவு அடைத்தால் அடுத்த வைகாசி வரை விளக்கு வைப்பவரைத் தவிர யாரும் போவதில்லை. அம்மன் காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்ற பயத்தால்தான், சுற்றியிருந்த காடெல்லாம் (எரித்துப் பயிரிடும்) சேனையாகவும் வயலாகவும் மாறிய பிறகும் இந்தத் துண்டு தப்பியது. ஊரின் பெயரையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் இங்கே தரவில்லை.

இந்தக் காட்டில் வாழும் இலங்கைக் காட்டுக்கோழி இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. நாட்டின் தேசியப் பறவை அது. சேவலின் செந்நிறக் கொண்டைக்கு நடுவே மஞ்சள் திட்டு இருக்கும். ஊர்ச்சேவலிடமிருந்து பிரித்தறிய அது ஒன்றே போதும். அழியும் இனங்களின் பட்டியலில் இப்பறவை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யால தேசியப் பூங்காவில் பாதையோரத்திலேயே மேயும். ஆனால் வயல் சூழ்ந்த அறுபது ஏக்கரில் அடைபட்ட ஒரு கூட்டத்துக்கு யாலவில் நிறைய இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. இங்கே அற்றுப்போனால் அக்கரைக் காட்டிலிருந்து வயலைத் தாண்டி இன்னொன்று வந்து குடியேறும் என்று நம்புவதற்கு எங்களிடம் எந்தச் சான்றும் இருக்கவில்லை.

2007ஆம் ஆண்டுப் போரில் படுவான்கரை ஊர்கள் இடம்பெயர்ந்தன. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக முன்பு இருந்த ஒருவர் அதைப் பற்றிச் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது: “நாங்கள் திரும்பி வந்தபோது காட்டுக்கோழி வளவுக்குள் மேய்ந்தது. ஊர் நாய் காட்டுக்குள் நின்றது. இரண்டும் இடம் மாறியிருந்தன.” அன்று காட்டுக்குள் நின்ற நாய்கள் முழுதாக ஊருக்குத் திரும்பவே இல்லை என்பது அவருடைய கருத்து.

முதலில் கண்டது

நான் அந்த ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மாற்றலாகி வந்த ஆண்டு மாசியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் காட்டோரத்தில் நான்கு இடங்களில் நிறுத்தி, விடியலில் கூவும் சேவல்களை எண்ணச் செய்தேன். பாடத்துக்காகச் செய்த வேலைதான்; பாதுகாப்பு என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. பதினேழு சேவல்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மாசியில், அதே இடங்களில் ஒன்பது. பிள்ளைகள் மாறியிருந்தார்கள், அவர்களின் காதும் மாறியிருக்கும் என்று அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் மறுபடி எண்ணினோம். ஒன்பதும் எட்டும் வந்தன.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. பெரும்போக அறுவடை முடிந்து வயலில் நெல் சிதறிக் கிடக்கும் காலம் அது. மாலையில் பேடுகள் காட்டோரத்துக்கு வந்து பொறுக்கும். முந்திய ஆண்டுகளில் அவற்றின் பின்னால் குஞ்சுகள் ஓடும். இந்த முறை பேடுகள் தனியாகவே வந்தன.

ஊரில் யாரைக் கேட்டாலும் “கண்ணி” என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. இரண்டு நாள் தேடியதில் மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியில் செய்த கண்ணிகள் இருபத்து மூன்று கிடைத்தன. காட்டுக்கோழியைப் பிடிப்பது 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். வண்ணக்கர்மார் கூடி, இனிக் கண்ணி வைப்பவர் சடங்கில் எந்த முறையும் செய்ய முடியாது என்று அறிவித்தார்கள். சட்டத்தைவிட அது வேலை செய்தது. பிறகு தேடியபோது புதிய கண்ணி ஒன்றும் அகப்படவில்லை. குஞ்சுகளும் வரவில்லை.

கூடுகளைத் தேடியது

அந்தப் பருவத்தில் எட்டுக் கூடுகளைக் கண்டோம். கூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வேர் இடுக்கில் ஒரு பள்ளம், அதில் சருகு, இரண்டு அல்லது மூன்று முட்டைகள். பேடு மட்டுமே அடைகாக்கும். ஏறத்தாழ இருபது நாள் அசையாமல் தரையில் அமர்ந்திருக்கும். எட்டில் இரண்டு கூடுகளில் குஞ்சு பொரித்தது. ஆறு வெறுமையாயின.

வெறுமையான கூடுகளில் நாங்கள் கண்ட தடயங்களை அப்போது எழுதியபடியே தருகிறேன்: நான்கில் உடும்பின் வால் இழுத்த கோடு, ஒன்றில் கீரியின் காலடி, ஒன்றில் எதுவும் இல்லை. இதை வைத்துப் பிள்ளைகள் உடும்பைக் குற்றவாளி ஆக்கினார்கள். ஊரில் சிலருக்கு அது மிகவும் வசதியான தீர்ப்பு. உடும்பு இறைச்சிக்கு இங்கே இரகசிய ருசி உண்டு. “பாடசாலைக்காகப் பிடித்துத் தருகிறோம், சேர்” என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். நல்லவேளையாக நான் சம்மதிக்கவில்லை. காரணம் விஞ்ஞான அறிவு அல்ல. உடும்பும் கோழியும் இந்தக் காட்டில் என் பாட்டனின் காலத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து வாழ்கின்றன; திடீரென்று இந்த நான்கு ஆண்டில் உடும்புக்கு என்ன புதுப்பசி என்ற சந்தேகம் மட்டும்தான்.

நாய்கள்: முதல் முடிவு

பங்குனியில் ஒரு நண்பகல் இரண்டு நாய்கள் ஒரு பேட்டைத் துரத்துவதை நானே கண்டேன். கோயிலைச் சுற்றிப் பதினான்கு நாய்கள் இருந்தன. சடங்கு நாட்களில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றைக் கொட்டும் குழியும், கச்சான் கடைக்காரர்கள் விட்டுச்செல்லும் குப்பையும் அவற்றுக்குச் சில வாரம் சோறு போட்டன. அது தீர்ந்ததும் காட்டுக்குள் போயின. இதற்கு மேல், வெளியூர்க்காரர்கள் பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிக் கொண்டுவந்து கோயில் வாசலில் அவிழ்த்துவிட்டுப் போகும் பழக்கமும் உண்டு. தெருவில் விட்டால் பாவம், கோயிலில் விட்டால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்ற கணக்கு.

கொல்வது பற்றிய பேச்சு எழவில்லை. 2006ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் கொண்டு கட்டுப்படுத்துவதே நாட்டின் கொள்கை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மிருக வைத்தியரும் வந்தார்கள். பதினான்கு நாய்களுக்கும் ஊசி போடப்பட்டது, கருத்தடை செய்யப்பட்டது. யானைக்குக் காவல் என்று வயல்வாடிகளுக்கும் (வயற்காவல் குடில்கள்) வீடுகளுக்குமாகப் பதினொரு நாய்களை ஊரவர் பொறுப்பேற்றார்கள். மிஞ்சிய மூன்றும் கிழடு. எங்களுக்குப் பெரிய திருப்தி. பாடசாலையில் ஒரு படமும் எடுத்து மாட்டினோம்.

சோற்றுக் குழியை மூடவில்லை. நாய்தான் போய்விட்டதே என்று நினைத்தோம். குளக்கட்டுப் பக்கம் யாரும் எட்டியும் பார்க்கவில்லை.

அடுத்த பருவம்

இரண்டாம் ஆண்டில் ஒன்பது கூடுகளைக் கண்டோம். ஒன்றில் மட்டுமே குஞ்சு பொரித்தது. நாய்கள் இருந்த காலத்தைவிட இது மோசம்.

நாய்களை அகற்றுவதற்கு முன்பே, உட்பாதையில் ஐந்து இடங்களில் ஒரு பாக (இரு கையும் விரித்த) அகலத்துக்கு மணல் பரப்பி வைத்திருந்தோம். மாலையில் விளக்குமாற்றால் சமப்படுத்தி, காலையில் அடிச்சுவடுகளைப் படிப்போம். யானை நடமாட்டம் காரணமாக ஆறரைக்கு முன் உள்ளே போவதில்லை. நாய்ச்சுவட்டில் நகம் பதியும். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். நான்கு விரலும் நகமில்லாத உருண்டை அடியும் என்றால் பூனை. முதல் ஆண்டுக் குறிப்புகளில் பூனைச்சுவடு குளக்கட்டை ஒட்டிய மணலில் மட்டுமே இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஐந்து மணற்பரப்பிலும் இருந்தது, கோயில் மூலை வரை. குறிப்பேட்டில் இதை எழுதிய மாணவி அடிக்கோடு போட்டிருந்தாள். நான் அதைக் கவனிக்கச் சித்திரை வரை ஆனது.

கமராவில் கண்டது

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இரண்டு தானியங்கிக் கமராக்களை இரவல் தந்தார். ஒன்றை மூன்றாம் நாள் யானை பிடுங்கி மிதித்துவிட்டது. மற்றதை வீரை மரமொன்றின் வேரிடுக்கில் இருந்த கூட்டுக்கு எதிரே கட்டியிருந்தோம்.

இரவு 1.40. பேடு அமர்ந்திருக்கிறது. இடது ஓரத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். 1.46க்கு அதே புள்ளிகள் ஒரு முழம் கிட்ட. 1.52க்கு உடல் தெரிகிறது: வரிபோட்ட சாம்பல் பூனை, வயிறு தரையில் பட, முன்கால் ஒன்று மடங்கியபடி. பன்னிரண்டு நிமிடத்தில் அது நகர்ந்தது இரண்டு முழத்துக்கு மேல் இராது. 1.53: படம் முழுக்க இறகு. அதற்கு அடுத்த படத்தில் பேடும் இல்லை, பூனையும் இல்லை. மூன்று முட்டைகள் மட்டும் கிடக்கின்றன. காலை 9.20 வரை அந்த முட்டைகள் அப்படியே கிடந்தன; வெயில் பட்டு இலை அசைந்த போதெல்லாம் கமரா அவற்றைப் படமெடுத்தது. 9.20க்கு உடும்பு வந்தது. ஒவ்வொன்றாக முழுதாக விழுங்கிவிட்டு, அவசரமில்லாமல் போனது.

நாங்கள் அங்கே போனபோது பத்தரை மணி. கண்டது வெறும் பள்ளம், ஏழெட்டு இறகு, உடும்பின் வால் இழுத்த கோடு. கமரா இல்லாவிட்டால் அன்றும் ‘உடும்பு’ என்றே எழுதியிருப்பேன். முதல் ஆண்டில் நான்கு கூடுகளுக்கு அப்படித்தான் எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் குளக்கட்டுப் பக்கச் சூரைப் பற்றைக்குள் அந்தப் பேட்டின் இரண்டு சிறகுகளும் கிடைத்தன.

பூனை முட்டையை நாடுவது அரிது. அதற்கு வேண்டியது தாயும் குஞ்சும். முட்டை போனால் பேடு மறுபடி இடும். பேடு போனால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

மீன் கழிவு

பூனைகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுவடுகளே காட்டின. குளத்தில் வலை போடுபவர்கள் விடியலில் குளக்கட்டில் அமர்ந்து திலாப்பியாவைக் கழுவி, குடலையும் செதிலையும் அங்கேயே வீசிவிட்டுப் போவார்கள். அதை நம்பிப் பதினைந்துக்குக் குறையாத பூனைகள் கட்டுப்பற்றைகளில் வாழ்ந்தன. நாய்கள் இருந்தவரை அவை கட்டைத் தாண்டவில்லை. நாய்களை நாங்கள் அகற்றியதும் காடு அவற்றுக்குத் திறந்துவிட்டது. கழிவு பூனையை வாழவைத்தது. காடு அதற்கு வேட்டைக்களம் ஆனது. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும் என்பது பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வகைத் தவறு எங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் லிட்டில் பாரியர் தீவில் 1980ஆம் ஆண்டளவில் பூனைகளை முழுதாக ஒழித்தார்கள். அங்கே மண்வளையில் கூடு வைக்கும் குக்கின் பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் அதன் பிறகு பெருகவில்லை, குறைந்தன. பூனைக்குப் பயந்திருந்த எலிகள் பெருகியதே காரணம். 2004இல் எலிகளையும் அகற்றிய பிறகே பறவை நிமிர்ந்தது. அதே நாட்டின் ஸ்டீபன்ஸ் தீவுக்கு அவ்வளவு வாய்ப்பும் கிடைக்கவில்லை. 1894இல் கலங்கரை விளக்கம் எழும்பியது, அதனோடு பூனை வந்தது, தரையில் ஓடித் திரிந்த சிறு குருவி இனமொன்று ஓரிரு ஆண்டுக்குள் உலகிலேயே இல்லாமல் போனது. அங்கே மிருகங்களைக் கொல்வதற்கு அரசும் மக்களும் ஒப்புகிறார்கள். அந்த வழி எங்களுக்குப் பொருந்தாது. ஆனால் எதை முதலில் அகற்றுவது என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அதை நாய்களைப் பிடிப்பதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது முடிவும் காரணங்களும்

கூட்டத்தில் நஞ்சு வைக்கும் யோசனையை இருவர் சொன்னார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைச் சோற்றில் பிசைந்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்றார்கள். வண்ணக்கர் அம்மன் காட்டில் அது ஆகாது என்றார். என் மறுப்புக்கு வேறு காரணம்: குளத்தோர மணலில் ஊர்ப்பூனையின் சுவட்டைவிட இருமடங்கு பெரிய சுவட்டை இரண்டு தடவை கண்டிருந்தோம். அது மீன்பிடிப் பூனை. இந்த மண்ணில் இயற்கையாக வாழும் காட்டு மிருகம், சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. நஞ்சு அதையும் கீரியையும் மரநாயையும் சேர்த்தே கொல்லும்.

கூட்டுப்பொறி வைத்தோம். உள்ளே நெத்தலிக் கருவாடு. ஆறு வாரத்தில் ஒன்பது பூனைகள் அகப்பட்டன. மரநாய் ஐந்து முறை, கீரி இரண்டு முறை சிக்கி விடுவிக்கப்பட்டன. கருவாட்டுக்கு எந்த மிருகமும் விதிவிலக்கு இல்லை. அகப்பட்ட ஒன்றின் மடி பால் கட்டியிருந்தது. குட்டிகள் பற்றையில் எங்கோ இருந்திருக்கும். அன்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதம். விட்டுவிட்டு, இரண்டு மாணவர்கள் அது போன வழியைப் பார்த்து, மாலைக்குள் மூன்று குட்டிகளையும் எடுத்து வந்தார்கள். மறுநாள் தாயும் பொறிக்கு வந்தது. கருத்தடைக்குப் பிறகு பூனைகள் ஓர் அரிசி ஆலைக்கும் நெல் மூட்டை அடுக்கும் வீடுகளுக்கும் போயின. அவற்றில் ஒன்று பதினொராம் நாள் நான்கு கிலோமீட்டர் நடந்து குளக்கட்டுக்கே வந்துவிட்டது.

மீன் கழிவுதான் கடினமாக இருந்தது. வலைக்காரர்களிடம் காட்டுக்கோழியைப் பற்றிப் பேசினேன், மரியாதைக்குக் கேட்டார்கள். “காகத்துக்கும் பூனைக்கும் நாலு குடல் போட்டால் என்ன, மாஸ்டர், அதுவும் உயிர்தானே” என்றார் மூத்தவர். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வழி காட்டியது அவருடைய மனைவி. வீட்டில் பதினைந்து தென்னங்கன்றுகள் வைத்திருந்தார். கழிவை ஏன் வீணாக வீச வேண்டும், கன்றுக்குப் புதைக்கலாமே என்றார். குளக்கட்டில் கம்பி வலை மூடியுடன் ஒரு சீமெந்துக் குழி கட்டினோம். வாரத்துக்கு இருமுறை யாராவது ஒருவர் அள்ளிக்கொண்டு போவார். இரண்டாம் மாதத்தில் அதற்கு முறை வைத்துச் சண்டை வரும் அளவுக்குக் கழிவுக்கு மதிப்பு ஏறிவிட்டது.

அந்த வைகாசியில் சோற்றுக் குழியும் மூடப்பட்டது. மிஞ்சிய சோற்றைப் பட்டிக்காரர்கள் மாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு நடந்தது

மூன்றாம் பருவத்தில் ஏழு கூடுகள். நான்கில் குஞ்சு பொரித்தது. அதற்கடுத்த மாசியில் சேவல்கள் பன்னிரண்டு. பூனைச்சுவடு மறுபடி குளக்கட்டை ஒட்டிய ஒரு மணற்பரப்போடு நின்றுவிட்டது. அங்கேயும் சில காலைகளில் மட்டுமே.

இதை முழு வெற்றி என்று எழுத மாட்டேன். ஏழு கூடு என்பது சிறிய எண்ணிக்கை. கண்ணி நின்றதன் பயன் எவ்வளவு, பூனை குறைந்ததன் பயன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை. எண்ணிய பன்னிரண்டு சேவல்களில் கண்ணால் கண்ட ஒன்றின் கொண்டையில் மஞ்சள் திட்டு இருக்கவில்லை. அதன் தகப்பன் ஏதோ ஒரு வளவில் கூவியிருக்க வேண்டும். ஊர்க்கோழி கலப்பது தனியாக வரப்போகும் பிரச்சினை.

மாற்ற வேண்டியவை

முதலாவது, கூடுகளை இவ்வளவு தேடியிருக்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டும் ஒவ்வொரு கூட்டையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தோம். ஒரே ஒற்றையடிப் பாதையில் பத்துப் பிள்ளைகளின் மணம். இரண்டாம் ஆண்டில் பூனைச்சுவடு மிகுதியாக இருந்தது எங்கள் பாதையின் மேல்தான் என்பதைப் பிறகு குறிப்பேட்டில் கண்டேன். பூனைக்கு வழி காட்டியவர்கள் நாங்களாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் வாரம் ஒருமுறை மட்டும், தூரத்திலிருந்து பார்த்தோம். குஞ்சு பொரித்த கூடுகள் கூடியதில் இதற்கும் பங்கு இருக்கும். இப்போது சேவல் கூவலையும், வயலோரம் வரும் குஞ்சுகளையும் மட்டுமே எண்ணுகிறோம்.

இரண்டாவது, நாய்களை அகற்றுவதற்கு முன் சோற்றையும் மீன் கழிவையும் அகற்றியிருக்க வேண்டும். வரிசை மாறியதால் ஒரு பருவக் குஞ்சுகள் போயின.

வயல்வாடிகளுக்குக் கொடுத்த நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டோரத்து வாடிகளில் கட்டாமல் விட்ட நான்கு நாய்கள் சிறுபோகத்தில் மறுபடி காட்டுக்குள் போயின. காட்டிலிருந்து எடுத்த நாயைக் காட்டின் விளிம்பில் கொடுத்தது என் யோசனை.

தடயத்தைப் படிப்பதில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். வெறுங்கூட்டில் உடும்பின் கோடு இருந்தால் ‘உடும்பு’ என்று எழுதுவதில்லை. ‘உடும்பு வந்து போனது’ என்று எழுதுகிறோம்.

இந்த ஆண்டுச் சடங்கின் மூன்றாம் நாள் கோயில் வாசலில் ஓர் உரப்பை கிடந்தது. உள்ளே நான்கு பூனைக்குட்டிகள், கண் திறந்து சில நாளே இருக்கும். அடிக்கோடு போட்ட அந்த மாணவி இரண்டை எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டும் கச்சான் கடைக்காரரோடு களுவாஞ்சிகுடிக்குப் போயின.